கேளுங்க பாஸ்: ஆல்கெமிஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி (தண்டையார்பேட்டை, காலேஜ் படிக்கிற தம்பி): அண்ணா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க மொட்டை மாடில பாத்ஃபைண்டர் ரெண்டாவது எடிஷன், அதாவது ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து டைஸ் உருட்டி கதையா ஆடற கேம், ஆடறோம். ஒருத்தன் ஆயுதம் வச்சு மோதற ஃபைட்டர், ஒருத்தன் பதுங்கி அடிக்கிற ரோக், ஒரு பொண்ணு சாமி அருளால வைத்தியம் பாக்கற கிளெரிக். நான் பாமும் மருந்தும் செய்யற ஆல்கெமிஸ்ட்னு சொன்னதும் அது டம்மி பீஸுடான்னு ஒரே கலாய். எடுக்கலாமா வேணாமா?

பதில்: எடு தம்பி. ஆனா கலாய்க்கிறவங்க சொல்றதுலயும் மேட்டர் இருக்கு. ஆல்கெமிஸ்டுக்கு முக்கியமான ஸ்டாட், அதாவது கேரக்டரோட திறமை நம்பர், அறிவு, இன்டெலிஜென்ஸ், ஆனா பாம் வீசறதுக்கு பாக்கறது கை வேகம், டெக்ஸ்டெரிட்டி. அறிவு +4 வச்சா கை வேகம் +3 தான் வைக்க முடியும். ஃபைட்டருக்கோ மொத லெவல்லயே ஆயுதப் பயிற்சி ஒரு படி மேல, அதாவது 2 பாயிண்ட் கூட. ரெண்டையும் கூட்டிப் பாரு, 20 பக்க டைஸ உருட்டறப்போ அவனவிட நீ 3 பின்னாடி நிக்கற. அவன் அடிக்கிற மாதிரி நானும் அடிப்பேன்னு போனா நாலு வாரத்துல பேஜாராயிடும்.

அப்பறம் எதுக்கு எடுக்கணும்னு கேப்ப. ட்ரோல்னு ஒரு ராட்சச ஜந்து வருதுன்னு வை. அதுக்கு ஒவ்வொரு ரவுண்டும் 20 உயிர் தானா ஏறிக்கினே இருக்கும், நெருப்போ ஆசிடோ பட்டாதான் அது நிக்கும், நெருப்புன்னா இன்னும் 10 பாயிண்ட் எக்ஸ்ட்ரா வலிக்கும். இப்போ நீ நெருப்பு பாம் வீசற, குறி தப்பிடுச்சு. ஃபைட்டர் தப்பினா அவ்ளோதான், ஒன்னுமில்ல. உனக்கு அப்படி இல்ல, ரொம்பக் கேவலமா தப்பாத வரைக்கும் தெறிச்ச சொட்டு அது மேல படும். தெறிச்சது 1 பாயிண்ட்தான், ஆனா அந்த 10 கூட சேர்ந்து 11, கூடவே உயிர் ஏறதும் நின்னுடும். தப்பியும் சண்டையத் திருப்பினது நீதான்னு மாடில அத்தன பேரும் பாப்பாங்க. அதனால எந்த ஜந்துக்கு எது ஆகாதுன்னு கண்டுபுடிக்கிற இன்ட்ரஸ்ட் உனக்கு இருக்கணும், அது இல்லன்னா வேற கிளாஸ, அதாவது வேற கேரக்டர் வகையப் பாரு.

இன்னொன்னு, முன்னாடியே ரெடி பண்ற குணம். காசிமேட்டுல போட்டு கெளம்பறதுக்கு முன்னாடியே ஐஸு டீசல் எல்லாம் ஏத்திக்கினு போறாங்கல்ல, நடுக்கடல்ல போய் கடை தேட முடியாதுல்ல, அந்த மாதிரி. உங்க ஜிஎம், அதாவது கேம நடத்தறவர், வச்சிருக்கறது 2019 ரூல்ஸா இல்ல 2024ல திருத்தி வந்ததான்னு மொதல்ல கேளு, கணக்கு ரெண்டுலயும் வேற. புதுசுல, அறிவு +4 இருந்தா காலைல 8 சாமான் செஞ்சு வச்சுக்கலாம், அதுக்கு மேல 6 குப்பி கைல இருக்கும், அத சண்டைக்கு நடுவுல வேணுங்கறதா மாத்திக்கலாம், ஆனா உன் அடுத்த டர்ன் வரதுக்குள்ள யூஸ் பண்ணிடணும். சண்டை ஓஞ்சு 10 நிமிஷம் ஒக்காந்தா 2 குப்பி திரும்ப ரொம்பும். எல்லாம் தீந்தாலும் அப்பப்போ ஒரு சின்ன ஆசிட் குப்பி செஞ்சு வீசிக்கினே இருக்கலாம், பழைய புக்குல மொத லெவல்ல இந்த வசதி கெடையாது, அந்த டம்மிப் பேரு வந்ததே பாதி அதனாலதான்னு நான் சொல்லுவேன்.

ஆல்கெமிஸ்டுக்குள்ள இருக்கற நாலு ரூட்டுல உனக்கு பாம் வீசற பாம்பர். கிளெரிக் இருக்கறப்போ வைத்தியர் ரூட்டு எடுத்தா அந்தப் பொண்ணு வேலையத்தான் நீ கொஞ்சம் கொறச்சலா செய்வ. மருந்து குடுக்கறதுல ஒரு தலைவலியும் இருக்கு, பையில இருந்து எடுக்க ஒரு ஆக்ஷன், வாயில ஊத்த இன்னொன்னு, பக்கத்துல ஓட வேற ஒன்னு, ஒரு டர்னுக்கு உனக்கு இருக்கற மூணு ஆக்ஷனும் காலி. சண்டைக்கு முன்னாடியே ஆளுக்கு ஒன்னு கைல குடுத்துடு. மியூட்டஜன், அதாவது உடம்ப மாத்தற மருந்து, அந்த ரூட்டு நகம் பல்லு முளைக்க வச்சு நேரா மோதறவனுக்கு, விஷ ரூட்டு பொறுமைசாலிக்கு. பாம்பருக்கு ஒரு முக்கியமான சலுகை, தெறிக்கிறது எதிரி மேல மட்டும் படற மாதிரி வீசலாம். மத்தவன் வீசினா பக்கத்துல நிக்கற நம்ம ஃபைட்டருக்கும் சேத்து சுடும்.

ரோக்க மறந்துடாத. குயிக்சில்வர் மியூட்டஜன் ஒன்னு அவன் கைல குடு, பதுங்கறது, பூட்டத் தொறக்கறது, அம்பு விடறது எல்லாத்துக்கும் போனஸ். குடிச்ச உடனே கொஞ்சம் உயிர் போகும், அத மொதல்லயே சொல்லிடு, இல்லன்னா அப்பறம் உன்னக் கேக்காம குடிச்சு வச்சு உங்கிட்டயே சண்டைக்கு வருவான்.

கேள்வி (பெரம்பூர் வாசகி): நாங்க டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) அஞ்சாவது எடிஷன் ஆடறோம், அதுல ஆல்கெமிஸ்ட் கிளாஸே காணோமே?

பதில்: தனி கிளாஸா கெடையாதுங்க. மந்திர சாமான் செய்யற ஆர்டிஃபிசர்னு ஒரு கிளாஸ், அதுக்குள்ள ஒரு பிரிவுதான் ஆல்கெமிஸ்ட், 2019ல எபெரான் புக்குல வந்தது, 2020ல டாஷா புக்குல மறுபடி. அதுல மூணாவது லெவல்ல இருந்து நல்லா தூங்கி எழுந்ததும் ஒரு எலிக்சர், அதாவது மந்திர மருந்து, கெடைக்கும், என்னன்னு ஆறு பக்க டைஸ் சொல்லும்: உயிர், ஸ்பீடு, காப்பு, தைரியம், பறக்கறது, உருமாற்றம். இதுதான் வேணும்னா ஒரு ஸ்பெல் ஸ்லாட்ட, அதாவது ஒரு மந்திரம் போடற வாய்ப்ப, விடணும். ஆல்கெமிஸ்ட்னா பாம்தான்னு நெனச்சு வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க, இவர் பாதி மந்திரவாதி.

கேள்வி (ராயபுரம் வாசகர்): என் கேரக்டர சித்தர் மாதிரி வச்சுக்கலாமா? புக்கு வாங்கவும் காசு இல்ல சார்.

பதில்: தாராளமா. போகர் பழனில நவபாஷாணத்துல முருகன் சிலை செஞ்சார்னு நம்ம ஊரு நம்பிக்கை இருக்கு, அந்த வழில வந்த சிஷ்யன்னு வச்சுக்கோங்க. எலிக்சர லேகியம்னு சொல்லுங்க, குப்பிய சுரைக்குடுக்கைனு சொல்லுங்க, நம்பர மட்டும் தொடாதீங்க, ஜிஎம் ஒன்னும் சொல்ல மாட்டாரு. பாத்ஃபைண்டர்னா ரூல்ஸ் முழுசும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் சைட்டுல ஃப்ரீ, கம்பெனி ஒத்துக்கினுதான் போட்டிருக்காங்க. டைஸுக்கு போன்ல ஆப் இருக்கு. ஒரு நோட்டு மட்டும் வாங்குங்க, எத்தன குப்பி மிச்சம்னு எழுதாம ஆல்கெமிஸ்ட் ஆட முடியாது.