கார்க் நகரில் 'லேங்கர்' என்றால் கோபப்பட வேண்டுமா?

கேள்வி: அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தேன். உடன் பணிபுரியும் ஒருவர் என்னைச் சிரித்தபடியே 'ஈஜிட்' என்கிறார். மற்றொருவர் அங்கில்லாத ஒருவரை 'லேங்கர்' என்று குறிப்பிட்டார். இவற்றில் எது கேலி, எது வசவு? நானும் இச்சொற்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: 'ஈஜிட்' என்பது 'இடியட்' என்ற சொல்லின் அயர்லாந்து உச்சரிப்புதான். ஆனால் உச்சரிப்பு மாறியபோதே அதன் கடுமையும் பெரும்பாலும் கழன்றுவிட்டது. விசைப்பலகையில் தேநீரைக் கொட்டிவிட்ட நண்பரை நாம் 'அட லூசு' என்பதைப் போல, அங்கே தாய் மகனையும் மனைவி கணவனையும் இப்படி அழைப்பது அன்றாட வழக்கம். எனவே சிரிப்போடு வந்த 'ஈஜிட்' உங்களை நெருக்கமானவராகக் கருதுவதன் அடையாளமே. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் 'பக் ஈஜிட்' என்றால் முழுமுட்டாள் என்று பொருள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு.

'லேங்கர்' அப்படியன்று. கார்க் மக்கள் தங்களுக்கே உரியதாகச் சற்றுப் பெருமையோடு கருதும் வசவு அது. எரிச்சலூட்டுபவர், அசட்டுத் திமிர் பிடித்தவர் என்ற பொருளில் வழங்கும் அச்சொல்லுக்கு ஆணுறுப்பு என்ற கொச்சைப் பொருளும் உண்டு. இறுதியில் ஒரு 'ஸ்' சேர்த்து 'லேங்கர்ஸ்' என்றால் அளவு மீறிக் குடித்திருப்பதைக் குறிக்கும். நண்பர்களுக்கிடையே விளையாட்டாகப் புழங்கினாலும், அங்கில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்டால் பெரும்பாலும் உண்மையான வெறுப்பே இருக்கும். லிமரிக் நகரில் இதன் இடத்தில் 'கௌல்' என்ற சொல் இருக்கிறது, அதுவும் கொச்சையானதே. நாடெங்கும் கேட்கும் 'கோப்ஷைட்' இன்னும் காரமானது. வாய் ஓயாத மூடனைக் குறிக்கும் அச்சொல்லில் மலத்தைக் குறிக்கும் சொல்லும் ஒட்டியிருக்கிறது.

அயலாரை மிகவும் குழப்புவது 'கியூட் ஹூர்' என்ற தொடர். இங்கே 'கியூட்' என்பது அழகைக் குறிக்காது, தந்திரத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் பாலியல் தொழிலாளியைக் குறிக்கும் ஆங்கில வசவின் நாட்டுப்புற உச்சரிப்பாக இருந்தும், இத்தொடர் பெரும்பாலும் ஆண்களையே, அதிலும் வெளியே அப்பாவியாகத் தோன்றிக் காரியத்தைக் கச்சிதமாகச் சாதித்துக்கொள்ளும் அரசியல்வாதிகளையே சுட்டுகிறது. அதில் பாதி திட்டு, பாதி வியப்பு. உங்கள் மேலாளரை ஒருவர் இப்படிச் சொன்னால், அவர் ஏமாற்றுக்காரர் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஊரை வைத்துக் குத்தும் சொற்களும் உள்ளன. டப்ளின்காரர் மற்ற ஊரார் அனைவரையும் 'கல்ச்சி' என்பார், அதாவது பட்டிக்காட்டான்; அவர்கள் திருப்பி 'ஜாக்கீன்' என்பார்கள், அதாவது பகட்டுக்கார டப்ளின்காரன். இரு சொற்களின் தோற்றம் குறித்தும் பல கதைகள் உலவுகின்றன. எதையும் நம்பிப் பிறருக்குச் சொல்லாமலிருப்பது நல்லது. டப்ளினில் போக்கிரியைக் குறிக்கும் 'கரியர்' என்ற சொல்லோ, நாடாளுமன்றத்தில் பயன்படுத்தக் கூடாத சொற்களின் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் எந்தச் சூழலிலும் உச்சரிக்காதீர்கள். 'நாக்கர்' என்பது, 2017 மார்ச்சில் தனி இனக்குழுவாக அரசால் அங்கீகரிக்கப்பட்ட, நாடோடி மரபு கொண்ட 'டிராவலர்' என்னும் அயர்லாந்துச் சமூகத்தினரை இழிவுபடுத்தும் சொல். பிறர் அதைச் சாதாரணமாக வீசினாலும், அது நமது நாட்டில் சாதிப் பெயரை வசவாக்குவதற்கு ஒப்பானது. அதேபோல், உங்கள் நிறத்தையோ நாட்டையோ குறித்து வசவு வந்தால், அதை வட்டார நகைச்சுவை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இன அடிப்படையிலான துன்புறுத்தலைத் தடை செய்கிறது. முதலில் மனிதவளத் துறையிடமும், அங்கே தீராவிட்டால் பணியிட உறவுகள் ஆணையத்திடமும் முறையிடலாம். ஆணையத்துக்குச் செல்வதற்கான காலவரம்பு பொதுவாக ஆறு மாதம் என்பதால், நாள், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

நீங்கள் பயன்படுத்தலாமா என்றால், இப்போதைக்கு 'ஈஜிட்' ஒன்று போதும். அதையும் முதலில் உங்கள்மீதே சொல்லிப் பழகுங்கள். கடவுச்சொல்லை மறந்த நாளில் "நான் ஒரு ஈஜிட்" என்றால் யாருக்கும் மனம் நோகாது. 'லேங்கர்' என்பதைக் கார்க் நண்பர்களே உங்களை நேரில் விளையாட்டாக அழைக்கும்வரை ஒத்திவையுங்கள்.