இசப்கோல் குடித்தும் மலம் இறுகுகிறது, மூலத்தில் ரத்தம் நிற்கவில்லை

இசப்கோலை (மலத்தை இளக்கும் நார்ச்சத்து உமி) நிறுத்த வேண்டாம்; தண்ணீரைக் கூட்டுங்கள். இரவில் அரை டம்ளரில் இரண்டு ஸ்பூன் கலக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். நீர் போதாவிட்டால் அந்த உமி குடலில் களிபோல் கெட்டியாகிவிடும்.

ஒரு டீஸ்பூனுக்கு 250 மில்லி நீர். கலக்கியதும் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். 3 நாள் பார்த்துவிட்டு அளவைக் கூட்டலாம். மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறீர்களா? அதுவும் மலத்தை இறுக்கும்.

கழிப்பறையில் 5 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், முக்காதீர்கள். கைப்பேசி வெளியிலேயே இருக்கட்டும் (உண்மையான எதிரி அதுதான்!). வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் சிறு முக்காலி.

எரிச்சலுக்கு, வெதுவெதுப்பான நீரில் 10–15 நிமிடம் உட்காருங்கள், தினம் 2–3 முறை. உப்பு, டெட்டால் எதுவும் தேவையில்லை. ஸ்டீராய்டு களிம்பு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், தோல் மெலிந்துவிடும்.

ஒரு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் கறுத்தாலோ, ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, தலைசுற்றினாலோ அந்த ஒரு வாரமும் காத்திருக்காதீர்கள்.