செலவுக் கணக்கை செயலியே எழுதட்டும், ஆனால் அது போனுக்குள்ளேயே இருக்கட்டும்

கேள்வி: மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்றே தெரியவில்லை. நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன், பத்து நாளுக்கு மேல் தாங்கவில்லை. பேங்க் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைப் படித்து தானாகவே கணக்கு எழுதும் செயலி ஒன்றைப் பார்த்தேன். "உங்கள் தகவல் போனை விட்டு வெளியே போகாது" என்று போட்டிருக்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: நம்புவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். பெரும்பகுதியை நாமே சோதிக்க முடியும்.

முதலில், நீங்கள் எதைக் கையில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பேங்க்கிலிருந்து வந்த ஒரு எஸ்எம்எஸ்ஸைத் திறந்தால், எவ்வளவு பணம் போனது, எந்தக் கணக்கு (கடைசி நான்கு எண்கள்), யாருக்குப் போனது, எந்த நாள், பல சமயம் மீதி இருப்பு எவ்வளவு என்பது வரை அந்த இரண்டு வரியிலேயே இருக்கும். செயலி செய்வது பெரிய மந்திரமெல்லாம் இல்லை, "டெபிட்" மாதிரி சில வார்த்தைகளைத் தேடி, பக்கத்தில் இருக்கும் எண்ணை எடுத்து, பெயரைப் பார்த்து மளிகை, மருந்து, பயணம் என்று பிரித்துப் போடுகிறது. இந்த வேலைக்கு இன்டர்நெட்டே தேவையில்லை, போனுக்குள்ளேயே முடித்துவிடலாம். அப்படியிருந்தும் ஒரு செயலி எஸ்எம்எஸ்ஸை சர்வருக்கு அனுப்பித்தான் படிப்பேன் என்றால், காரணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு வருஷத்து செலவுப் பட்டியலை வைத்து ஒருவருக்கு என்ன நோய், எவ்வளவு கடன், எந்த ஊருக்கு அடிக்கடி போகிறார் என்பதையெல்லாம் ஊகித்துவிடலாம், நெருங்கிய நண்பருக்குக்கூடத் தெரியாத விஷயங்கள் அதில் இருக்கும்.

அடுத்தது, ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் எல்லா எஸ்எம்எஸ்ஸுக்கும் கொடுத்த மாதிரிதான். பேங்க் செய்தி மட்டும் என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை, ஓடிபியும் அதே பெட்டியில்தான் வந்து விழுகிறது. இதனால்தான் கூகுள் 2018இல் விதியை இறுக்கி, அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து தேவையில்லாமல் எஸ்எம்எஸ் கேட்கும் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து எடுக்க ஆரம்பித்தது. செலவுக் கணக்கு செயலிகளுக்கு விதிவிலக்கு உண்டு. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக நோட்டிஃபிகேஷனைப் படிக்க அனுமதி கேட்கும் செயலிகளும் இருக்கின்றன. அது குறைவான அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள், உங்களுக்கு வரும் சாட் செய்திகளின் முன்னோட்டமும் அதில் அடக்கம்.

சரி, எப்படிச் சோதிப்பது? பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் "இந்தச் செயலியைப் பற்றி" பகுதியின் அடியில் அனுமதிகளின் பட்டியல் இருக்கும். அதில் முழு நெட்வொர்க் அணுகல், அதாவது இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் அனுமதி, இருக்கிறதா என்று பாருங்கள். இதை ஆண்ட்ராய்டு நம்மிடம் கேட்பதே இல்லை, இன்ஸ்டால் செய்யும்போதே செயலிக்குத் தானாகக் கிடைத்துவிடுகிறது, ஆகவே பலரும் கவனிப்பதில்லை. எஸ்எம்எஸ் படிக்கும், ஆனால் நெட்வொர்க் அனுமதியே இல்லை என்றால் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது, நேரடியாக வெளியே அனுப்ப அதனிடம் கதவே இல்லை. நெட்வொர்க் அனுமதி இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம், ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு செட்டிங்ஸில் அந்தச் செயலி எவ்வளவு டேட்டா செலவழித்திருக்கிறது என்று பாருங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டும் வேலை செய்கிறது, அதனால் பாதுகாப்பானது என்று சிலர் சொல்வார்கள், அது பாதிச் சோதனைதான். நெட் திரும்பி வந்ததும் சேர்த்து வைத்ததை மொத்தமாக அனுப்பலாமே.

பிளே ஸ்டோரில் 2022இல் வந்த "தரவுப் பாதுகாப்பு" பகுதியையும் படியுங்கள், ஆனால் அதை எழுதுவது செயலியைச் செய்தவரேதான் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். மூல நிரல் திறந்திருக்கும் (ஓப்பன் சோர்ஸ், அதாவது எழுதிய கோடை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய) செயலி என்றால் எனக்கு ஒரு படி கூடுதல் நிம்மதி, நான் படிக்காவிட்டாலும் படிக்கத் தெரிந்த யாராவது படித்துச் சொல்ல முடியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஐபோன். இந்த வசதி எனக்கு இல்லையா?

பதில்: ஐபோனில் வேறு செயலிகள் எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்க ஆப்பிள் விடுவதில்லை. ஐபோனிலேயே இருக்கும் ஷார்ட்கட்ஸ் செயலியில் ஒரு ஆட்டோமேஷன் (தானாக நடக்கும் வேலை) போடலாம்: குறிப்பிட்ட வார்த்தை உள்ள செய்தி வந்தால் அதை செலவுச் செயலிக்குக் கொடு என்று. நீங்கள் குறித்த செய்தி மட்டும் போவதால், ஒரு வகையில் இது இன்னும் நல்லதுதான். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் மாதம் ஒருமுறை பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி செயலிக்குள் ஏற்றுங்கள்.

கேள்வி: செயலி காட்டும் செலவு நான் உண்மையில் செய்ததைவிட மிக அதிகமாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: எனக்கும் முதல் மாதம் இப்படித்தான் ஆனது, தொகையைப் பார்த்து பயந்தே போனேன். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது புரிந்தது: கிரெடிட் கார்டில் பொருள் வாங்கியபோது ஒருமுறை, அந்த கார்டு பில்லைக் கட்டியபோது இன்னொருமுறை, ஒரே பணம் இரண்டு தடவை ஏறியிருந்தது. என் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றியதும் செலவாகவே விழுந்திருந்தது. கார்டு பில் கட்டியது, கணக்கு விட்டு கணக்கு மாற்றியது, இந்த இரண்டையும் "பரிமாற்றம்" என்று ஒருமுறை குறித்து வைத்தால், நல்ல செயலிகள் அடுத்த மாதத்திலிருந்து அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஏடிஎம்மில் எடுத்த காசு வேறு மாதிரி சிக்கல், எடுத்தது தெரியும், போன இடம் தெரியாது. அதைக் கையால்தான் எழுத வேண்டும். வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி இந்தத் திருத்தங்களைச் செய்யுங்கள். பணம் எங்கே போகிறது என்று எனக்கு உறைத்ததே அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: இந்தச் செயலி தன் பங்குக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும். பூட்டிய திரையிலேயே தொகை தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் படிப்பார், அதை மறைத்து வையுங்கள்.

கேள்வி: எல்லாம் போனுக்குள்தான் என்றால், போன் தொலைந்தால்?

பதில்: கணக்கும் தொலையும். கிளவுடில் (செயலி நிறுவனத்தின் சர்வரில்) வைத்தால் மட்டும் நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது, 2007இல் தொடங்கி லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் என்ற அமெரிக்க செலவுக் கணக்கு செயலியையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதே சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய பட்டியலாக) எடுக்க முடிகிறதா, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பேக்கப் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை கம்ப்யூட்டருக்கோ பென் டிரைவுக்கோ மாற்றுங்கள். முதல் பேக்கப் எடுத்த கையோடு அதைப் பழைய போன் ஏதாவது இருந்தால் அதில் திறந்தும் பாருங்கள். பாஸ்வேர்டு மறந்துபோனால் செயலியைச் செய்தவராலும் திறந்து தர முடியாது, அதை மட்டும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.