விறகு மின்சாரம் பசுமைதானா?

கேள்வி: எங்கள் பக்கத்துச் சீமைக்கருவேலம் லாரி லாரியாக விறகு மின் ஆலைக்குப் போகிறது. டீசலை எரித்து ஏற்றிப்போகும் விறகில் என்ன பசுமை? இதை அளந்து பார்க்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: முடியும். ஆனால் லாரியில் ஆரம்பிக்காதீர்கள். 10 டன் லோடு, போகவர 100 கி.மீ., லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 25 லிட்டர் டீசல். சுமார் 67 கிலோ கார்பன் டை ஆக்சைடு. விறகில் ஈரப்பதம் 20 சதவீதமும் ஆலையின் திறன் 20 சதவீதமும் இருந்தால் அந்த லோடு ஏறக்குறைய 8,000 யூனிட் தரும். யூனிட்டுக்கு 8 கிராம் சொச்சம்தான். நிலக்கரியில் இது ஒரு கிலோவை ஒட்டி வரும்.

வெட்டிய அளவு திரும்ப வளர்கிறதா என்பதுதான் பெரிய கணக்கு. ஒரு கிலோ உலர் விறகு எரிந்தால் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். தூரிலிருந்து தழைக்கும் மரம்தான் அதைத் திரும்ப எடுக்கும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் என நாலைந்து இடங்களில் கல் நட்டு, தரையை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்து மறுபடி வெட்டி எடை போடுங்கள். பச்சை எடையை அப்படியே எழுதினால் கணக்கு கெட்டுப்போகும். மேலே காய்ந்து கிடப்பதை மட்டும் எடுக்காமல், லோடின் நடுவிலிருந்தும் துண்டுகள் எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவைத்து உலர் எடைக்கு மாற்றுங்கள். கல் நட்ட ஒரு சதுரத்தில் 150 கிலோ உலர் விறகு கிடைத்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 டன். ஒரு மெகாவாட் ஆலை 7,000 மணி நேரம் ஓட ஏறக்குறைய 7,000 டன் உலர் விறகு வேண்டும். அதாவது 3,500 ஏக்கர். அவ்வளவு நிலம் ஆலைக்கு உண்டா என்று கேளுங்கள். இலையையும் சுள்ளியையும் நிலத்திலேயே விடச் சொல்லுங்கள், மண்ணின் சத்து அதில்தான் அதிகம்.

கண்மாய்க்குள் தூரோடு பிடுங்கியதைத் தனியாக எழுதுங்கள். அந்தக் கார்பன் அங்கே திரும்பாது. ஆனாலும் கண்மாய்க்காகப் பிடுங்கத்தான் வேண்டும். ஆலை இல்லாவிட்டால் அந்த விறகு கரிமூட்டத்துக்குப் போயிருக்குமா என்றும் பாருங்கள். மூட்டப் புகையில் மீத்தேனும் உண்டு என்பதால், அப்படியானால் ஆலையே மேல்.

விறகு போன்ற உயிரி எரிபொருளின் ஆற்றலை மதிப்பிட உலக உயிரி ஆற்றல் கூட்டமைப்பு (GBEP) 2011இல் வெளியிட்ட 24 அளவுகோல்களில் 8 சுற்றுச்சூழலுக்கானவை. தண்ணீரும் அதில் உண்டு. ஆலை ஆழ்துளைக் கிணற்றின் மீட்டரையும், அதே நாளில் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் குறியுங்கள். சித்திரை முதல் ஆவணி வரையிலான அளவு இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள்.