மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் டிஜிட்டல் மீட்டர் பொருத்திய பின் வேகம் தவறாகக் காட்டுவது ஏன்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி செல்லும் ஒருவர், கம்பெனி மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் பொருத்தியதும் வேகமும் பெட்ரோல் அளவும் மாறிவிட்டதாகக் கேட்டிருந்தார்.

டிஜிட்டல் மீட்டர் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தில் பொருத்திய காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் எழும் துடிப்பை எண்ணி, நாம் பதிந்துவைத்த டயர்ச் சுற்றளவால் பெருக்கியே வேகத்தைக் கணக்கிடுகிறது. பூக்கடையில் முழம் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், அளக்கும் கை குட்டையானால் பூச்சரமும் குறையும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சுற்றளவை 2 மீட்டர் என்று பதிந்து, உண்மையில் அது 1.8 மீட்டராக இருந்தால், 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மீட்டர் 60 காட்டும். ஆகவே, வண்டியில் ஆள் அமர்ந்திருக்க, டயரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்து பதிவதே என் அனுபவத்தில் சிறந்த வழி. காந்தங்களின் எண்ணிக்கையையும் மறவாமல் பதிய வேண்டும்.

பெட்ரோல் அளவு மாறுவதற்குக் காரணம் வேறு: டேங்கில் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கி அளவைத் தெரிவிக்கும் மிதவையின் மின்தடை அளவும் புது மீட்டர் எதிர்பார்க்கும் அளவும் பொருந்துவதில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் பின்பக்கம் சாய்வதால், இதைச் சமதரையில் நிறுத்தியே சரிசெய்ய வேண்டும்.

எண்ணாகக் காட்டுவதால் டிஜிட்டல் மீட்டர் தானாகவே துல்லியமானது என்று பலர் கருதுகிறார்கள்; பதிந்த சுற்றளவு தவறானால், முள் மீட்டரைவிட அதிகமாகவும் அது பிழை காட்டக்கூடும்.