முல்தானின் மொட்டை மாடிகள்

அன்புள்ள ஐயா,

சூரிய மின்சாரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘இனி இதை யாராலும் நிறுத்த முடியாது’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அரசு மானியம் கொடுக்கிறவரை சோலார் ஓடும், மானியம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் குழப்புகிறது. ஷார்ஜாவில் என் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் பாகிஸ்தானின் முல்தான் பக்கத்துக்காரர். அவர் தெருவில் பாதி வீடுகளில் பேனல் இருக்கிறதாம். அவரும் சம்பளத்தில் மிச்சம்பிடித்து அனுப்பி, ஊரில் ஆறு பேனல் போட்டுவிட்டாராம். ஐஎம்எஃப் (சர்வதேச நிதியம்) கடனில் ஓடுகிற நாட்டில் இது எப்படி நடக்கிறது? யார் மானியம் கொடுக்கிறார்கள்? ராத்திரிக்கு என்ன செய்வார்கள்?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணனின் அறைத்தோழர் சொல்வதை அப்படியே நம்பலாம். 2024இல் மட்டும் பாகிஸ்தான் சீனாவிலிருந்து வாங்கிய பேனல்கள் சுமார் 17 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது நூறு கோடி வாட்). அந்த நாட்டின் கிரிட்டில், அதாவது பொது மின்வலையமைப்பில், இணைந்த எல்லா மின்நிலையங்களின் திறனையும் கூட்டினாலே 46 கிகாவாட் அளவுதான் வரும். ஒரு நிலக்கரி கிகாவாட்டும் ஒரு சூரிய கிகாவாட்டும் சமமல்ல, வெயில் இருக்கும்போது மட்டுமே பேனல் வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இது பிரம்மாண்டமான அளவு. வீட்டு மொட்டை மாடிகளுக்கும், டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்த ஆழ்துளைக் கிணறுகளுக்கும், பஞ்சாலைக் கூரைகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

பேனல் இறக்குமதிக்கு வரிச்சலுகை இருந்தது. மிச்ச மின்சாரத்தை கிரிட் வாங்கிக்கொள்ளும் வசதியும் இருந்தது. ஆனால் இந்த வேகத்தைத் தொடங்கி வைத்தது எந்தப் பெரிய மானியத் திட்டமும் அல்ல. மக்களைக் கடைக்குத் துரத்தியது கரண்ட் பில்.

பாகிஸ்தான் கடந்த பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் நிறைய அனல்மின் நிலையங்களைக் கட்டியது, அவற்றில் பல சீனக் கடனில். ஒப்பந்தம் எப்படி என்றால், மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்துக்கு ஒரு நிலையான தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் பெரும்பகுதி டாலர் கணக்கு. பாகிஸ்தான் ரூபாயின் மதிப்பு விழுந்தபோது இந்தச் சுமை தானாக ஏறியது. 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பா என்ன விலை கொடுத்தும் எரிவாயுவை வாங்கியது. பாகிஸ்தான் டெண்டர் விட்டும் எல்என்ஜி என்ற திரவ எரிவாயு கிடைக்காமல் தவித்தது. மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. 2023 ஜனவரியில் ஒருநாள் நாடே இருண்டது. இன்னொரு பக்கம், கடன் கொடுத்த ஐஎம்எஃப் மின்கட்டணத்தை உயர்த்தச் சொன்னது. மூன்று ஆண்டுகளில் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வராத கரண்டுக்கு இரட்டிப்புப் பில்! அந்த நேரத்தில் பேனல் விலை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. முல்தானின் ஜூன் மாத வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேண்டும்?

சரி, பேனல் ஏன் அவ்வளவு மலிந்தது? மானியம் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மானியம் கொடுத்தார்கள், ஆனால் வேறு நாட்டில், வேறு காலத்தில்.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். 1970களின் நடுவில்கூட ஒரு வாட் பேனலின் விலை இன்றைய மதிப்பில் நூறு டாலருக்குக் குறையாது. செயற்கைக்கோளுக்குத்தான் கட்டுப்படியாகும். ஜெர்மனி 2000இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூரையில் பேனல் போட்டவரிடமிருந்து 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் மின்சாரத்தை வாங்கிக்கொள்வோம் என்றது. அந்த விலை யூனிட்டுக்கு 99 ஃபெனிக், அதாவது அன்றைய ஜெர்மன் நாணயத்தில் கிட்டத்தட்ட ஒரு மார்க். இதற்கான பணத்தை மின்நுகர்வோர் எல்லோரும் பில்லோடு சேர்த்துக் கட்டினார்கள். 2022 வரை கட்டினார்கள்.

வாங்க ஆள் நிச்சயம் என்றதும் ஆலைகள் முளைத்தன. ஆஸ்திரேலியாவில் சூரிய மின்கல ஆய்வாளர் மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி செங்ரோங் சீனாவின் ஊஷி நகரத்துக்குத் திரும்பி 2001இல் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அது 2013இல் திவாலானது, ஆனால் அதற்குள் சீனா பேனல் செய்யக் கற்றுவிட்டது. மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பால் நடந்ததல்ல இது. உதாரணமாக, சிலிக்கான் கட்டியைத் தகடுகளாக அறுக்கும்போது, மரம் அறுக்கையில் தூளாகப் போவதுபோல, நிறைய வீணாகும். வைரத்துகள் பதித்த மெல்லிய கம்பியால் அறுக்கத் தொடங்கியதும் வீணாவது குறைந்தது, தகடும் மெலிந்தது. இப்படி நூறு சின்னத் திருத்தங்கள். நிலக்கரியைத் தோண்டத் தோண்டச் செலவு கூடும். பேனலோ ஆலையில் செய்யும் பொருள், செய்யச் செய்யக் கை பழகும். 2024இல் சீன ஆலை விலை வாட்டுக்குப் பத்து சென்ட் அளவுக்கு வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு பாட்டி கட்டிய கூடுதல் பில்தான் இன்று முல்தானில் ஒரு மின்விசிறியைச் சுற்றவைக்கிறது. எனக்கு அந்தப் பாட்டியின் மேல் உண்மையான நன்றி இருக்கிறது. (சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் சிலிக்கான் உற்பத்தியில் உய்குர் என்ற சிறுபான்மை முஸ்லிம் மக்களின் கட்டாய உழைப்பு கலந்திருக்கிறது என்ற குற்றச்சாட்டை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. மலிவு விலையின் ஒரு பகுதி அப்படி வந்ததென்றால் அது தீர வேண்டிய அநியாயம்.)

2004ஆம் ஆண்டு முழுவதும் உலகம் நிறுவிய பேனல்கள் ஒரு கிகாவாட் அளவு. 2024இல் ஒரே நாளில் அதைவிட அதிகம். முதல் ஆயிரம் கிகாவாட்டை எட்ட 2022 வரை, அதாவது 1954இலிருந்து 68 ஆண்டுகள், ஆனது. அடுத்த ஆயிரத்துக்கு இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. இருந்தும் 2024இல் உலக மின்சாரத்தில் சூரியனின் பங்கு 7 சதவீதம்தான். போக வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது.

ராத்திரிக்கு என்ன என்று கேட்டீர்கள். பேட்டரிதான். அதுவும் பேனல் போன பாதையிலேயே மலிந்து வருகிறது. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு, கிரிட்டுக்கு மின்சாரம் தந்த எல்லா மூலங்களிலும் பேட்டரியே முதலிடத்தில் இருந்தது.

எனக்கு ராத்திரியைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கல்யாணத்துக்குப் போக ஊரே சேர்ந்து வேன் பேசியிருக்கிறோம். பாதிப் பேர் பைக் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டால் வேன் வாடகை மீதிப் பேர் தலையில்தானே விழும்? பாகிஸ்தானில் அதுதான் நடக்கிறது. மாடி உள்ளவர்களும் கையில் காசு உள்ளவர்களும் பகலில் கிரிட்டைத் தொடுவதில்லை. மின்நிலையங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை மட்டும் குறையவில்லை. அதைச் சுமப்பவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள், கூரை தாங்காத வீட்டுக்காரர்கள். அவர்கள் பில் ஏற, இன்னும் சிலர் கடன் வாங்கியாவது பேனலுக்கு ஓடுகிறார்கள். ஒப்பந்தப்படி வர வேண்டிய எல்என்ஜி கப்பல்களைத் தள்ளிப்போடும்படி அரசு கத்தாரைக் கேட்க வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில், மாடியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கான விலையை யூனிட் 27 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்க அமைச்சரவைக் குழு ஒன்று முடிவெடுத்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாடியே இல்லாதவர்களின் குரல் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. மாடி இல்லாதவர்களுக்கும் ஊர்ப் பொது இடத்தில் பேனல் போட்டு அவர்கள் பில்லில் கழித்துக்கொடுக்க அரசு பணம் போட வேண்டும். மானியம் இப்போது தேவைப்படுவது அங்கேதான்.

அதனால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். அண்ணனிடம் அடுத்த முறை பேசும்போது, முல்தான் நண்பரின் தெருவில் பேனல் போட்ட பாதி வீடுகளைப் பற்றி அல்ல, போடாத பாதி வீடுகளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் போன மாதம் கரண்ட் பில் எவ்வளவு வந்தது, எப்படிக் கட்டினார்கள்? பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.