பாலைவனத்தில் பனியாறு எப்படி?

கேள்வி: கோடை விடுமுறையில் லடாக்கில் லே போய் வந்தோம். எங்கு பார்த்தாலும் மண்ணும் கல்லும்தான், மலை உச்சியில் மட்டும் பனி. மழையே இல்லாத இடத்தில் பனியாறு எப்படி வரும்? கர்துங் லா கணவாய்க்குப் போகும் வழியில் லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல் பாறைகள் கிடக்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தன என்று என் மகன் கேட்கிறான்.
– ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: உங்கள் மகனுக்கு முதலில் ஒரு சபாஷ். முப்பது வருஷம் டெல்லியில் பூகோளம் நடத்தினேன். லடாக் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் பனியைப் பற்றித்தான் கேட்பார்கள், கல்லைப் பற்றிக் கேட்டதில்லை.

லேயில் வருஷத்துக்கு மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் பருவமழை, மலை தாண்டி கோவைக்கு வரும்போது சாரலாகிவிடுகிறது இல்லையா? லடாக்குக்கு அதைவிடப் பெரிய தடுப்பாக இமயமலை நிற்கிறது.

ஆனால் பனியாறு உண்டாக நிறையப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. விழுந்ததில் கொஞ்சம் கோடையிலும் உருகாமல் மிஞ்சினால் போதும். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், கர்துங் லா 5,300 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில், வெயில் குறைவாகப் படும் வடக்குச் சரிவுகளில், மிஞ்சிய பனி வருஷா வருஷம் அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகிறது. அப்புறம் தன் கனத்தாலேயே மெல்லக் கீழே நகரத் தொடங்குகிறது.

அந்தப் பனியின் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஜனவரியில் டெல்லியில் இரண்டு நாள் தூறி, மாடியில் போட்ட துணி காயாமல், ரஜாயை விட்டு எழவே மனம் வராமல் செய்கிறதே, அதே மேற்கத்திய இடையூறுதான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று நமக்குத் தூறலையும் லடாக்குக்குப் பனியையும் தருகிறது. இங்கே அந்த மழை பெய்யும்போதெல்லாம் எனக்கு லடாக் ஞாபகம் வந்துவிடும்.

சரி, பாறைக்கு வருவோம். ஆறு கல்லை உருட்டித் தேய்த்து, பெரிசு சிறிசாகப் பிரித்துப் போடும். பனியாறு பிரிக்காது. மாவு போன்ற பொடியையும் வீடளவு பாறையையும் ஒன்றாகச் சுமந்து வந்து, உருகிப் பின்வாங்கும்போது அப்படியே போட்டுவிட்டுப் போகும். இந்தக் குவியலுக்கு மொரெய்ன் என்று பெயர். சரிவிலிருந்து உருண்டு விழுந்த கற்களும் அவற்றோடு கலந்திருக்கும். உங்கள் மகன் பார்த்தது பெரும்பாலும் கிரானைட். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் இருந்த டெத்திஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் செருகியபோது, பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு இறுகி உண்டான கல். இன்று உச்சியோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் பனி ஒரு காலத்தில் வெகு கீழே வரை இறங்கியிருந்தது. லடாக் மலைத்தொடரில் அது விட்டுச்சென்ற மிகப் பழைய தடயங்கள் 4 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையவை. மழை குறைவு என்பதால்தான் இத்தனை காலம் கரையாமல் கிடக்கின்றன.

அந்த ஊர்களில் பார்லி வயலுக்குப் பாய்வதும் இந்தப் பனி உருகிய தண்ணீர்தான். விதைப்பதற்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே தண்ணீர் வேண்டும். உச்சிப் பனியோ ஜூனில்தான் நன்றாக உருகும். செவாங் நோர்பெல் என்ற லடாக் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரை ஊருக்குப் பக்கத்திலேயே, நிழலான இடத்தில் தேக்கி உறையவிட்டார். தாழ்வான இடம் என்பதால் அது முன்னதாக உருகி, விதைப்புக்கு உதவும். 2015-இல் பத்மஸ்ரீ பெற்றார். வகுப்பில் நான் மிகவும் ஆசையாகச் சொன்ன பாடம் இது.

கேள்வி: பனிப்பாறையா, பனியாறா? எது சரி?
– ஒரு வாசகர், கரோல் பாக், டெல்லி

பதில்: பத்திரிகைகளில் இரண்டும் வருகின்றன. கடலில் மிதப்பதைப் பனிப்பாறை என்றும், மலையில் நகர்வதைப் பனியாறு என்றும் நான் சொல்வேன். லடாக்கின் ஜன்ஸ்கர் பகுதியில் பென்ஸி லா கணவாயில் நின்றால் திராங் துருங் பனியாறு தெரியும். நீளம் சுமார் 23 கிலோமீட்டர், மேலே கருங்கோடுகள் ஓட, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பாறை என்று சொல்ல வாய் வரவில்லை.